பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடாதடா தம்பி

வாடா தம்பி, உக்காரு. சப்பாத்து புதுசோ? அறுநூறு வெள்ளியா! அப்பாவுக்குத் தெரியுமா? கையில ஒரு உறை, முட்டியில ஒரு உறை, நெத்தியில ஒரு பட்டை. எங்கேயாவது அடிபட்டுட்டியோன்னு பதறிப் போயிட்டேன். கூடைப்பந்து ஆடப் போறியா? நல்லது, ஆடு. நேத்து சாயங்காலம் ப்ளாட்டுக்குக் கீழ உன் ஆட்டத்தை நானும்தான் பார்த்தேன். பந்தைப் பிடிச்சே, ஓடுனே, நின்னே, தட்டுனே, மறுபடி பிடிச்சே, மறுபடி தட்டுனே, ஊதல் ஊதுன மனுஷனை முறைச்சே. கடைசியில என்ன சொன்னே? "களம் சரியில்லை, வழுக்குது." ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

கெழவனுக்கு என்ன தெரியும்னு உதட்டைப் பிதுக்காதே. நான் கித்தாக் காட்டுல பொறந்தவன்தான். தோட்டத்துல கூடைப்பந்து கிடையாதுதான். எங்களுக்குப் பந்துன்னா ஒட்டுப்பால் பந்து. மரத்துல வெட்டுன கோட்டுல பால் காஞ்சு நாடாவா ஒட்டிக்கிட்டிருக்கும். அதை உரிச்சு, ஒரு துணி உருண்டை மேல இறுக்கி இறுக்கிச் சுத்திக்கிட்டே போகணும். நாத்தம் குடலைப் புடுங்கும். தரையில போட்டா எந்தப் பக்கம் எகிறும்னு சுத்துனவனுக்கே தெரியாது. கிராணி வீட்டுக் கண்ணாடி உடைஞ்சா, அப்புறம் வர்ற ரோத்தான் மட்டும் குறி தப்பாது.

தோட்டத்துல நெலத்துக்கா பஞ்சம்? துரை ஒரு பாடாங்கை விட்டுக் குடுத்தாரு, நாங்க கால்பந்து ஆடுனோம். சீனன் கதை வேற. 1948 ஜூன் 16-ஆம் தேதி, இதோ இருக்குற சுங்கை சிப்புட்டுல, எல்பில் தோட்டத்துத் துரை வாக்கரைக் கம்யூனிஸ்டுங்க சுட்டுட்டாங்க. அவசர காலம் வந்துச்சு. 1950-லேருந்து காட்டோரத்துச் சீனக் குடும்பங்களை அள்ளிக்கிட்டு வந்து, முள்கம்பி போட்டு, புதுக்கிராமம்னு பேரு வச்சு அடைச்சாங்க. அதுலயும் நம்ம பேராவுலதான் அதிகம். பாசிர் பிஞ்சி, கம்போங் சிமி, குனோங் ராப்பாட், எல்லாம் அப்ப முளைச்சதுதான். வீட்டோட வீடு இடிச்சுக்கிட்டு நிக்கிற இடத்துல கால்பந்துக்கு எங்க போறது? ஒரு துண்டு சிமெண்டுத் தரை, ரெண்டு கம்பம், ரெண்டு வளையம். முழுக் களமே 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், அவ்வளவுதான். சீனப் பள்ளிக்கூடத்துலயும் அதே கதை. அவங்க பிள்ளைங்க கையால ஆடுனாங்க, நம்ம பிள்ளைங்க காலால ஆடுனாங்க. ரத்தத்துல ஊறுன விளையாட்டுன்னு கோப்பிக் கடையில பெரிய மனுஷனுங்க பேசுவானுங்க. என்ன ரத்தம்? எல்லாம் எடத்துக் கணக்குடா.

அப்புறம் தோட்டத்தைத் துண்டு துண்டாக் கூறு போட்டு வித்தாங்க. அப்ப மந்திரியா இருந்த சம்பந்தன் 1960-ல நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சு, பால்வெட்டுற சனங்ககிட்ட வெள்ளி வெள்ளியாச் சேர்த்துத் தோட்டம் வாங்கினதால கொஞ்சம் தப்பிச்சுது. மிச்சத்துல செம்பனை வந்துச்சு, தாமான் வந்துச்சு. லயம் போச்சு, பாடாங் போச்சு. நீ பொறந்ததே ப்ளாட்டுல. கீழ எறங்கினா மோட்டார் நிறுத்துற எடமும் ஒரு சிமெண்டுத் தரையும்தான். அப்ப நீயும் கையாலதான் ஆடியாகணும். ஆடேன், யாரு வேணாம்னா? குகனேஸ்வரன், சத்தியசீலன் குப்புசாமின்னு நம்ம ஆளுங்க டிராகன்ஸ் அணிச் சட்டை போட்டுக்கிட்டு ஆசியான் லீக்குல ஆடலையா? அங்க மெட்ராஸ்ல அனிதா பால்துரைன்னு ஒரு பொண்ணு, இந்திய அணிக்குத் தலைவியா இருந்து 2021-ல பத்மஸ்ரீ வாங்கலையா? அவங்க விதி தெரிஞ்சு வேர்வை சிந்துனவங்க. நீ வெறும் வேர்வை சிந்துறே.

விதின்னா என்னன்னு நெனச்சே? மேலேருந்து எறங்கின வேதமா? ஒவ்வொரு விதிக்குப் பின்னாலயும் ஒரு போக்கிரி நிக்கிறான்டா. அவன் பண்ணின சேட்டைக்குத்தான் அந்த வரியை எழுதினாங்க. போக்கிரியைத் தெரிஞ்சுக்கிட்டா விதியை மனப்பாடம் பண்ணவே வேணாம்.

கேளு. 1891 டிசம்பர் மாசம். அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்டுன்னு ஒரு ஊரு. வெளிய கடுங்குளிர். உள்ள வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில பதினெட்டு முரட்டுப் பயலுங்க. என்ன ஆட்டம் குடுத்தாலும் ஒண்ணு சலிப்பு, இல்ல சண்டை. ஜேம்ஸ் நெய்ஸ்மித்னு ஒரு கனடாக்கார வாத்தியாரு தலையில அந்தக் கூட்டத்தைக் கட்டிட்டாங்க. மனுஷன் யோசிச்சாரு. ஒருத்தன் மேல ஒருத்தன் ஏன் விழுறான்? பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடுறவனை மடக்கத்தானே? பந்தோட ஓடவே கூடாதுன்னுட்டா? விழ வேண்டிய வேலையே இல்லையே! கோல் தரையில இருந்தா மறிச்சுக்கிட்டு நிப்பானுங்க. தலைக்கு மேல தூக்கிட்டா?

காவக்காரர்கிட்ட ரெண்டு பெட்டி கேட்டாரு. பெட்டி இல்லைன்னு பீச் பழக்கூடை ரெண்டு வந்துச்சு. மாடத்துக் கைப்பிடியில ஆணி அடிச்சு மாட்டுனாங்க. அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்துல இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா வளையம் அதே பத்தடிதான், 3.05 மீட்டரு. எந்த விஞ்ஞானியும் உக்காந்து கணக்குப் போடலை. கட்டடம் கட்டுன தச்சன் கைப்பிடியை எட்டடியில வச்சிருந்தா உனக்குக்கூட டங்க் வந்திருக்கும். முதல் ஆட்டத்துப் பந்து எது தெரியுமா? கால்பந்துதான். ஆக, நம்ம பந்தைத்தான் அவங்க கையில எடுத்தாங்க, சரியா?

அந்தக் கூடைக்கு அடிப்பக்கம் அடைச்சிருந்துச்சு. பந்து விழுந்தா ஏணி போட்டு ஏறி எடுக்கணும். மாடத்துல உக்காந்து வேடிக்கை பார்த்தவனுங்க சும்மா இருந்தானுங்களா? எதிராளி பந்து வரும்போது கையை நீட்டித் தட்டிவிட்டானுங்க. அதுக்குத்தான் கூடைக்குப் பின்னால தடுப்பு வச்சாங்க. நீ பந்தை மோதவிட்டு உள்ள தள்ளுறியே, அந்தப் பலகை வந்த கதை அதான். பந்து கோட்டைத் தாண்டிப் போனா முதல்ல தொட்டவனுக்குச் சொந்தம்னு நெய்ஸ்மித் எழுதி வச்சாரு. பாவம், நல்ல மனுஷன். பயலுங்க மாடிப்படி வரைக்கும் ஒருத்தனை ஒருத்தன் இழுத்துக்கிட்டு ஓடினானுங்க. பெறகுதான் கடைசியா எந்தக் கட்சிக்காரன் கை பட்டுச்சோ அந்தக் கட்சிக்குக் கிடையாதுன்னு மாத்துனாங்க. அவரு எழுதினது பதிமூணே விதி. இன்னைக்குப் புத்தகம் எவ்வளவு தடிமன்னு போயிப் பாரு. அவ்வளவு போக்கிரிங்க ஆடியிருக்கானுங்க.

இன்னொண்ணு சொன்னா சிரிப்பே. விளையாட்டைக் கண்டுபிடிச்ச இந்த மனுஷன் பெறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்துல பயிற்சியாளரா இருந்தாரு. ஜெயிச்சது 55, தோத்தது 60. அங்க இருந்த பயிற்சியாளருங்கள்ல ஜெயிச்சதை விடத் தோத்தது அதிகம்னு பேரு வாங்கினது இவரு ஒருத்தருதான். அதனால நீ தோத்தா ரொம்ப அழாதே.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். நேத்து உனக்கு விழுந்த ஊதல்ல பாதி இதுக்குத்தான். நடுவரு ரெண்டு முஷ்டியையும் நெஞ்சுக்கு முன்னால வச்சு ஒண்ணைச் சுத்தி ஒண்ணை உருட்டினாரே, அவரு உன்னை டான்ஸ் ஆடச் சொல்லலை. டிராவலிங்னு சொன்னாரு.

பந்தைக் கையில வச்சுக்கிட்டு நின்னா ஒரு காலை நட்டுரு. மத்த காலைக் கெழக்க வை, மேற்க வை, சுத்தி வா, யாரும் கேக்க மாட்டாங்க. நட்ட கால் நகர்ந்தா போச்சு. தட்டிக்கிட்டுக் கெளம்பணுமா? நட்ட கால் மேல எழும்புறதுக்கு முன்னால பந்து கையை விட்டிருக்கணும். நம்ம பயலுங்க மாட்டுறது இங்கதான். உனக்குக் காலு முதல்ல கெளம்புது, பந்து சாவகாசமா அப்புறம் கெளம்புது. பக்கத்தாளுக்குக் குடுக்கணுமா, கூடையில போடணுமா? அப்ப நட்ட காலைத் தூக்கலாம். ஆனா அது திரும்பத் தரையைத் தொடுறதுக்குள்ள பந்து போயிருக்கணும். பந்தோட வழுக்கி விழுந்தாக் குத்தமில்லை. விழுந்தவன் பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே உருண்டாலோ எழுந்தாலோ குத்தம்.

"தாத்தா, அது ஸீரோ ஸ்டெப்"னு நேத்து ஒரு வியாக்கியானம் குடுத்தே பாரு, அதைக் கேட்டு எனக்குக் கோப்பி புரையேறிடுச்சு. ஓட்டத்துல பந்தைப் பிடிச்சா, பிடிக்கிற நேரத்துல தரையில இருக்குற காலைக் கணக்குல சேர்க்கிறதில்லைன்னு 2017-ல உலகக் கூடைப்பந்துச் சங்கம் ஃபீபா எழுதினது வாஸ்தவம்தான். அதுக்கப்புறம் ரெண்டு அடி. ரெண்டு! நீ வச்சது நாலு. ஒண்ணு ஸீரோ, ஒண்ணு யூரோ, ஒண்ணு பின்னடி, ஒண்ணு எதுக்குன்னு உனக்கே தெரியாது. ஹென்போன்ல வீடியோ பார்க்கும்போது ஆடுறவன் மூஞ்சியைப் பார்க்காதே, காலைப் பாரு. மெதுவா ஓடவிட்டு எண்ணு. அப்புறம் பந்தே இல்லாம வீட்டு நடையில நடந்து பழகு. அம்மா பைத்தியம்னு சொல்லும். சொல்லட்டும்.

அடுத்தது டபுள் டிரிபிள். பந்தைத் தட்டிக்கிட்டே போறதுன்னு நெய்ஸ்மித் எழுதவே இல்லை. பந்தோட ஓடாதேன்னாரு, எறின்னாரு. ஒரு கெட்டிக்காரன் யோசிச்சான்: எனக்கு நானே எறிஞ்சுக்கிட்டா? தரையில போட்டு நானே ஓடிப் பிடிச்சுக்கிட்டா? பார்த்தியா புத்தியை! அழகா இருக்கேன்னு விட்டுட்டாங்க. ஆனா ஒரு கட்டு போட்டாங்க. ஒரு தடவை தட்டு, பிடிச்சுட்டியா, முடிஞ்சுது. மறுபடி தட்டக் கூடாது. ரெண்டு கையாலயும் சேர்த்துத் தொட்டாலும் முடிஞ்சுது. பந்துக்கு அடியில உள்ளங்கையைக் குடுத்து ஏந்திக்கிட்டு, பெறகு மறுபடி தட்டினாலும் அதே குத்தம்தான். உனக்கு அது பழக்கமாவே இருக்கு. தட்டும்போது கை மேல இருக்கணும், பந்து கீழ இருக்கணும். இதுக்குமா தாத்தா வேணும்?

மூணு செகண்டு சமாச்சாரம் கேட்டியா? வளையத்துக்குக் கீழ ஒரு கட்டம் போட்டு வச்சிருக்கான் பாரு. உன் கட்சிகிட்ட பந்து அந்தப் பாதியில இருக்கும்போது நீ அந்தக் கட்டத்துக்குள்ள மூணு செகண்டுக்கு மேல குடி இருக்கக் கூடாது. ஏன்? நெட்டையனுங்க அங்கேயே நின்னுக்கிட்டு வர்ற பந்தையெல்லாம் வாங்கி வாங்கி உள்ள போட்டானுங்க. கோயில் அன்னதானத்துல சோத்து அண்டா பக்கத்துலயே எலையைப் போட்டுக்கிட்டு எழுந்திரிக்காத ஆளு மாதிரி. மத்தவன் எப்பத் திங்கிறது? அதான் எழுந்து போயிட்டு வாடான்னு விதி. நீ கட்டத்துல நிக்கும்போது எண்ணுறதே இல்லை. நடுவரு எண்ணுறாரு தம்பி. மூணு விரலை நீட்டிக் கையை ஆட்டினா உனக்குத்தான்.

நெட்டையனுங்க பண்ணின வம்பு அதோட நிக்கலை. கர்லண்டு, மைக்கன்னு ரெண்டு பேரு 1940-கள்ல. ஒருத்தன் ஏழடி, ஒருத்தன் ஏழடிக்குக் கொஞ்சம் கம்மி. கூடைக்குள்ள எறங்கப் போற பந்தை வாசல்லயே நின்னு தட்டிவிட்டானுங்க. அப்புறம் எதுக்கு ஆட்டம்? கீழ எறங்குற பந்தைத் தொடாதேன்னு அமெரிக்கக் காலேஜ் ஆட்டத்துல 1944-ல கட்டு வந்துச்சு. உனக்கு இந்த விதி தேவைப்படாது. உன் உயரத்துக்கு அந்தப் பாவம் உன்னால பண்ணவே முடியாது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச போக்கிரித்தனம் ஒண்ணு இருக்கு. 1950 நவம்பர் 22. மினியாபொலிஸ் லேக்கர்ஸ் பலமான அணி, அதே மைக்கன் அங்கதான் ஆடுறான். எதிர்ல ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ். பந்து மைக்கன் கைக்குப் போனாத்தானே வம்பு? போகவே விடலை. பந்தை வச்சுக்கிட்டு நின்னானுங்க. நின்னானுங்க, நின்னுக்கிட்டே இருந்தானுங்க. காசு குடுத்து உள்ள வந்த சனம் கத்துது, பேப்பரை எடுத்துப் படிக்குது. கடைசியில பிஸ்டன்ஸ் 19, லேக்கர்ஸ் 18. ஜெயிச்சுட்டானுங்க! விதியில எங்கேயும் தப்பில்லை. ஆனா ஆட்டம்னு ஒண்ணு நடக்கலை.

இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்னு பயந்தாங்க. சிராக்யூஸ் அணி முதலாளி டேனி பியசோனி உக்காந்து கணக்குப் போட்டாரு. நல்ல ஆட்டத்துல ரெண்டு பக்கமும் சேர்த்து 120 தடவை கூடைக்கு எறியுறாங்க. ஆட்டம் 48 நிமிஷம், அதாவது 2,880 செகண்டு. வகுத்தா 24. 1954-ல அதை விதியாக்குனாங்க. பந்து கையில வந்தா 24 செகண்டுக்குள்ள எறி, வளையத்துலயாவது படணும், இல்லாட்டி எதிராளிக்குக் குடு. என்ன பெரிய தத்துவம்? கிளாஸ் வாத்தியாரு கணக்குதான். ஆனா ஆட்டத்தைக் காப்பாத்திடுச்சு. உலக விதியில இந்த 24 வர்றதுக்கு 2000 ஆச்சு. அதே வருஷம்தான் உன் பாதியிலேருந்து பந்தை அந்தப் பாதிக்குக் கொண்டுபோக இருந்த பத்து செகண்டையும் எட்டாக் கொறைச்சாங்க. கொண்டுபோன பந்தைத் திரும்ப இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டு வராதே, அதுவும் குத்தம். கோட்டுக்கு வெளியேருந்து உள்ள எறிய அஞ்சு செகண்டு. நெருங்கி மறிச்சு நிக்கிறவன் முன்னால பந்தைச் சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கவும் அதே அஞ்சுதான். மொத்தத்துல எதையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு யோசிக்காதே.

காலு விஷயம் மறந்துட்டேன். கால்பந்து ஆடி வளர்ந்த நம்ம பரம்பரைக்கு இது கஷ்டம். பந்து தாழ வந்தா காலு தானா நீளும். வேணும்னே காலால தடுத்தா, உதைச்சா விதிமீறல். பந்து தானா வந்து காலுல பட்டா ஒண்ணும் இல்லை. முஷ்டியால குத்துறதும் கூடாது. ஆனா நீ "தெரியாம பட்டுச்சு"ன்னு சொல்லும்போது உன் காலு இடுப்பு உயரத்துல இருந்துச்சே தம்பி. நடுவருக்குக் கண்ணு இல்லையா?

இவ்வளவும் விதிமீறல்தான். பந்து கைமாறும், அதோட சரி. ஃபவுல் வேற. இடிக்கிறது, இழுக்கிறது, தள்ளுறது, கையில அடிக்கிறது எல்லாம் உன் பேருல எழுதி வைப்பாங்க. அஞ்சு சேர்ந்தா வீட்டுக்குப் போ. உன் அணி ஒரு கால்பகுதியில, அதாவது பத்து நிமிஷத்துல, நாலு ஃபவுலைத் தாண்டினா அப்புறம் தடுக்கும்போது பண்ற ஒவ்வொரு இடிக்கும் எதிராளிக்கு ரெண்டு இலவச எறி. "இல்லை தாத்தா, ஆறு ஃபவுல்"னு வாயைத் திறக்காதே. ஆறு அமெரிக்க என்.பி.ஏ. லீக்குல. பன்னெண்டு நிமிஷக் கால்பகுதியும் அங்கதான். மூணு புள்ளிக் கோடு அங்க 7.24 மீட்டர் தூரம், இங்க 6.75. தடுக்கிறவனுக்கும் மூணு செகண்டுக் கணக்கு அங்க உண்டு, இங்க கிடையாது. வளையத்துல பட்டு அதுக்கு நேர் மேல துள்ளிக்கிட்டிருக்குற பந்தைத் தட்டிவிட அங்க முடியாது, இங்க முடியும். நீ ஈப்போவுல ஆடுறே, சட்டம் மட்டும் கலிபோர்னியாவுலேருந்து கொண்டாறே. பாக்கெட்டுல வெள்ளியை வச்சுக்கிட்டு டாலர்ல பேரம் பேசுறவனை எந்தக் கடைக்காரன் மதிப்பான்?

இன்னும் ஒரு வியாதி இருக்கு. மேல துணிகூடப் படலை, பின்னால சாஞ்சு விழுந்து, "அம்மா"ன்னு அலறினே. சிவாஜி கணேசன்கூட உசிரை விட இன்னும் ஒரு நிமிஷம் எடுத்துக்குவாரு. இந்த நடிப்புக்கு இப்ப டெக்னிக்கல் ஃபவுல் குடுக்கிறாங்க, தெரியுமா? நடுவர்கிட்ட மல்லுக்கு நின்னாலும் அதேதான். அது ரெண்டு விழுந்தா அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது. சந்தேகம் இருந்தா அணித் தலைவன் மரியாதையா ஒரு வார்த்தை கேக்கலாம், பந்து நின்ன நேரத்துல. நீ தலைவனா? இல்லை. அப்ப வாயை மூடு. அஞ்சு பேரும் அஞ்சு வக்கீலா இருந்தா பந்தை யாரு ஆடுறது?

மூணுக்கு மூணு ஆட்டம் வந்திருக்கே, அது உனக்கு லாயக்கு. பாதிக் களம் போதும், ப்ளாட்டுக்குக் கீழ இருக்குறது அதுதானே? பத்து நிமிஷம், இல்லாட்டி யாரு முதல்ல 21 புள்ளி எடுக்கிறானோ அவன். எறிய 12 செகண்டுதான், 24-ல பாதி. எதிராளி எறிஞ்சு தவறின பந்து உன் கைக்கு வந்தா, வளைவுக் கோட்டுக்கு வெளிய கொண்டுபோயிட்டுத்தான் கூடைக்குப் போகணும். நேத்து அதையும் மறந்து அங்கேயே போட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கி ஆடினே. தோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்த்துட்டாங்க இந்த ஆட்டத்தை. நம்ம ஊரு சந்துல பயலுங்க ஆடினதுக்குப் பேரு வச்சு, மெடல் வச்சு, நமக்கே திருப்பிக் குடுக்கிறாங்க.

கடைசியா அந்த இலவச எறி. பலகையிலேருந்து 4.6 மீட்டர் தூரத்துல கோடு. எதிர்ல யாரும் இல்லை, மறிக்க ஆளில்லை, இடிக்க ஆளில்லை. அதையே நீ நேத்துத் தவற விட்டுக்கிட்டே இருந்தே. ரிக் பேரின்னு ஒருத்தரு. ரெண்டு கையாலயும் பந்தைப் பிடிச்சு, முட்டியை மடக்கி, காலுக்கு நடுவுலேருந்து மேல வீசுவாரு. நூறு போட்டா கிட்டத்தட்ட தொண்ணூறு உள்ள. வில்ட் சேம்பர்லெய்ன் தெரியுமா, ஏழடி ராட்சசன்? இலவச எறியில மகா மட்டம். அவரும் இதே முறையில போட ஆரம்பிச்சாரு. 1962 மார்ச் 2-ஆம் தேதி ஒரே ஆட்டத்துல நூறு புள்ளி எடுத்தாரு. அதுல இலவச எறி 32-க்கு 28 உள்ள. அந்தப் பருவத்துல போட்ட மாதிரி அவரு ஆயுசுல வேற எப்பவும் போட்டதில்லை. பெறகு என்ன பண்ணினாரு? விட்டுட்டாரு. பார்க்கிறவங்க பொம்பளைத்தனம்னு நெனைப்பாங்கன்னு வெக்கமாம். தப்புப் பண்ணிட்டேன்னு பின்னால அவரே புத்தகத்துல எழுதினாரு. இன்னைக்கும் கோடி கோடியா வாங்குறவனுங்க அதைத் தொட மாட்டேங்குறானுங்க. பந்து விழாட்டிப் பரவாயில்லை, பார்க்க அழகா இருக்கணுமாம்.

நீ எப்படி? கீழேருந்து போடுவியா? எதிர் ப்ளாட்டு மாடியில அந்தப் பொண்ணு துணி காயப் போட வந்தா என்ன பண்ணுவே? ரொம்ப யோசிக்காதே. நடுவரு பந்தைக் கையில குடுத்துட்டா அஞ்சு செகண்டுதான். ஒண்ணு... ரெண்டு...